குடும்பக் கணக்கு: ஏலத்துக்கு வந்த யானை

“அண்ணி, உங்க தம்பிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. பாப்பா காலேஜுக்குன்னு போட்டு வச்சிருக்கிற டெபாசிட்டை உடைக்கணும்ங்கிறார்!”

சேலத்திலிருந்து என் தம்பி மனைவி போனில் இப்படிச் சொன்னபோது அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டு, “எதுக்காம்?” என்று கேட்டேன்.

“கார் வாங்கவாம். அதுவும் ஏலத்திலே. போனிலேயே ஏலம் கேட்கலாமாம்.”

விஷயம் இதுதான். என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே பெரிய கார் மேல் ஓர் ஆசை. அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் போன தீபாவளிக்கு ஜெர்மன் நாட்டுக் கார் ஒன்றில் வந்து இறங்கினார். உயரமாக, கறுப்பாக, குட்டி யானை மாதிரி. எஸ்.யு.வி. என்கிறார்களே, அந்த ரகம். அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கமில்லை. அதே மாதிரிக் கார், 2016ஆம் வருஷ மாடல், புதிதாக 60 லட்சத்துக்கு மேல் விற்றது, ஏலத்தில் ஆரம்ப விலை வெறும் 7 லட்சம் என்று போனில் பார்த்துவிட்டான். கேட்க வேண்டுமா!

“அக்கா, அறுபது லட்ச ரூபாய் சாமான் ஏழு லட்சத்துக்கு வருது. இதை விட்டா முட்டாள்தனம்” என்றான்.

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஏலத்தைப் பற்றித் தெரியும். நம்மில் எத்தனை பேர் ஏலச் சீட்டுக் கட்டியிருக்கிறோம்! சீட்டு ஏலத்தில் யாருக்கு நஷ்டம்? அவசரக்காரருக்குத்தான். “எனக்கு இந்த மாசமே வேணும்” என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு உட்காருகிறவர்தான் அதிகம் தள்ளி எடுப்பார். பொறுமையாக இருப்பவருக்குப் பணம் நிற்கும். கார் ஏலமும் அந்த ஜாதிதான் என்று தோன்றியது. “எதையும் பாக்காம ஒரு பைசா கட்டாதே. நானும் வர்றேன்” என்றேன். கார் நின்ற இடம் சென்னைக்கு வெளியே, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

இந்தக் கார்களெல்லாம் எங்கிருந்து ஏலத்துக்கு வருகின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடன் தவணை கட்ட முடியாதவர்களிடமிருந்து பாங்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும் எடுத்த வண்டிகள் ஒரு வகை. பெரிய கம்பெனிகள் அதிகாரிகளுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கியவை இன்னொரு வகை. விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்டு, இன்சூரன்ஸ்காரர்கள் உரிமையாளருக்குப் பணம் கொடுத்துத் தீர்த்துவிட்ட வண்டிகள் மூன்றாவது வகை. இதைச் ‘சால்வேஜ்’ என்று போடுவார்கள். மூன்றும் போனில் ஒரே மாதிரிப் பளபளவென்றுதான் தெரியும்!

எல்லா ஏலத்துக்கும் ஒரு பொது விதி உண்டு: உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும்படி. அதாவது, எடுத்த பிறகு “இது ஓடலையே, அது உடைஞ்சிருக்கே” என்று கேட்க முடியாது. கடையில் வாங்கிய மிக்ஸியைத் திருப்பிக் கொடுப்பது போல் இதைக் கொடுக்க முடியாது. ஆகவே பார்க்கிற பார்வையெல்லாம் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விடலாமா?

பார்க்கும் நாளன்று தம்பி, அவன் மனைவி, நான், தம்பிக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஆக நால்வரும் போனோம். மெக்கானிக் இருபது வருஷமாக இந்த வெளிநாட்டுக் கார்களையே பார்ப்பவர். அவருக்கு 3,000 ரூபாய் கூலி பேசினபோது தம்பி முணுமுணுத்தான். அந்த மூவாயிரம்தான் எங்களைக் காப்பாற்றியது.

திறந்த வெளி மைதானம். வரிசை வரிசையாகக் கார்கள், எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. நம்முடைய ‘யானை’ ஒரு மூலையில் நின்றது. ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லை. பாட்டரியும் செத்துப் போயிருந்தது. மெக்கானிக் தம் கையோடு கொண்டு வந்திருந்த பாட்டரியை இணைத்தார். அதற்கு முன் அவர் செய்ததைக் கேளுங்கள். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். நாம் பூட்டுகிற அளவு வரை சுத்தமாக இருந்த பெல்ட், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் காவி நிறமாக, சேறு காய்ந்த கோட்டோடு வந்தது!

“அம்மா, இங்க வந்து பாருங்க” என்றார். பின்புறம் ஸ்டெப்னி டயர் வைக்கிற பள்ளத்தில் ஒரு பிடி வண்டல். சீட்டுக்கு அடியில் ஓடும் தண்டவாளத்தில் துரு. முன் விளக்கின் கண்ணாடிக்குள் மூடுபனி மாதிரி ஆவி. கதவைச் சாத்தி உட்கார்ந்தால் வாசனைத் தைலத்தையும் மீறி ஒரு முடை நாற்றம்.

வெள்ளத்தில் நின்ற கார்! சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? 2015 டிசம்பரில் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். எத்தனை கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றன! அவையெல்லாம் எங்கோ போய்த்தானே ஆக வேண்டும்?

“துடைச்சுக் கழுவினா சரியாயிடாதா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்தக் கார்களில் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள் நிறைய உண்டாம். சில சீட்டுக்கு அடியிலும் தரை விரிப்புக்குக் கீழும் இருக்குமாம். தண்ணீர் பட்டால் அன்றைக்கே கெடாது. ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து ஒயரும் இணைப்பும் பச்சை பூத்து, ஒவ்வொன்றாக நிற்குமாம். விபத்தில் நம்மைக் காக்கிற காற்றுப் பையை விரிக்கச் சொல்லும் பெட்டியும் பல கார்களில் தரையை ஒட்டித்தான் இருக்கிறதாம்.

இன்னொன்றும் சொன்னார். குழந்தை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். சாவியைத் திருகியதும் காற்றுப் பைக்கான சிவப்பு விளக்கு ஒரு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். அந்தக் காரில் விளக்கு எரியவே இல்லை.

நனைந்த விரிப்பில் பூஞ்சை பிடித்தால் எளிதில் போகாது. கண்ணாடியை மூடி ஏ.சி. போட்டால் அந்தக் காற்றைத்தான் உள்ளே இருப்பவர்கள் சுவாசிக்க வேண்டும். என் தம்பியின் சின்னப் பையனுக்கு இழுப்பு உண்டு. அவன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவும் இல்லை. தம்பியே, “வேண்டாம்க்கா, போகலாம்” என்றான்.

ஆசை அத்தோடு போய்விட்டதா? போகுமா! பதினைந்து நாள் கழித்து வேறொரு ஏலம், அதே ரகக் கார், வெள்ளம் பார்க்காதது. மெக்கானிக்கும் பார்த்து நல்லது என்றார். இந்தத் தடவை நான் ஒரு நிபந்தனை போட்டேன். “ஏலம் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பேப்பர்ல கணக்கு எழுதணும். டெபாசிட்டையும் நகையையும் தொடக் கூடாது. கடனும் கூடாது. அது போக மொத்தம் எவ்வளவு இருக்கு?”

பழைய கார் விற்ற பணம், சேமிப்பு எல்லாம் சேர்த்து 15 லட்சம் இருந்தது. “அப்ப 15 லட்சம் வரைக்கும் கேட்கலாம்!” என்றான் தம்பி. அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறோம். யானை வாங்கியவன் அங்குசமும் வாங்க வேண்டாமா? மெக்கானிக்கைக் கேட்டுக் கேட்டு, தம்பி மனைவி தன் கையால் எழுதிய கணக்கு இது:

ஏலக் கம்பெனிக்கு 2 சதவிகிதக் கட்டணம், அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. — 30,000

நான்கு டயர் — 80,000

பாட்டரி — 20,000

முதல் சர்வீஸ், ஆயில், பிரேக் — 70,000

இன்சூரன்ஸ் — 50,000

பெயர் மாற்றம், சேலம் கொண்டு வரும் செலவு — 30,000

எதிர்பாராத ரிப்பேர் — 1,20,000

ஆக மொத்தம் 4 லட்சம்!

15 லட்சத்தில் இதைக் கழித்தால் 11 லட்சம். அதுதான் ஏலத்தில் கேட்கக்கூடிய கடைசி விலை. தம்பி முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஒப்புக்கொண்டான். தாளின் அடியில் 11,00,000 என்று எழுதிச் சிவப்பு மசியில் கோடு போட்டாள் அவன் மனைவி.

டயரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடிப்பு விடும். நம் வீட்டு ஸ்கூட்டருக்கும் இதே எண்தான். இன்றைக்கே போய்ப் பாருங்களேன்!

ஏல நாள் சாயங்காலம் நானும் சேலத்தில் இருந்தேன். முன்பணம் கட்டியாகிவிட்டது. ஏலம் கிடைக்காவிட்டால் அது திரும்பி வரும். எடுத்துவிட்டு வேண்டாமென்றால் போய்விடும். போனில் விலை ஏறிக்கொண்டே வந்தது. 8 லட்சம், 9 லட்சம், பத்தரை. முடிகிற நேரத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது யாராவது கேட்டால், கடிகாரம் தானாகவே இன்னும் சில நிமிஷம் நீளுகிறது. “முடிஞ்சுது, முடிஞ்சுது” என்று நினைக்க நினைக்க முடியவே மாட்டேன் என்கிறது. தம்பி 11 லட்சம் கேட்டான். அடுத்த நிமிஷம் யாரோ 11 லட்சத்து 25 ஆயிரம்.

தம்பியின் கட்டை விரல் போனுக்கு மேலேயே நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை. “இருபத்தஞ்சாயிரம்தானே, அக்கா. ஒரே ஒரு தடவை...” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவி எழுந்து போய் அந்தத் தாளை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். இரண்டு நாள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி டம்ளரை நீட்டியபோது, “நல்லவேளை, நிறுத்தினே” என்றானாம். என் தம்பி மனைவி இதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. இருபத்தைந்தாயிரம் ஒன்றும் பெரிதில்லை, சகோதரிகளே. ஆனால் அதற்கு அடுத்த இருபத்தைந்தாயிரமும் அதே வார்த்தையைத்தான் சொல்லும். அப்படித்தான் டெபாசிட் உடையும்.

இதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் கார் அமைந்தது. ஒரு பாங்கு ஏலத்தில், அதே ரகம், முன் பக்கம் ஒரு புறமாகப் படுத்தாற்போல் நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துப் பயந்து நகர்ந்தார்கள். “காத்துல நிக்கிற ஸ்பிரிங்கும்மா இது. ஒண்ணு ஒழுகுது. மாத்திடலாம்” என்றார் மெக்கானிக். என்ன செலவாகும் என்றும் சொன்னார். மற்றவர்களுக்குத் தெரியாத பயம், இவருக்குத் தெரிந்த விலை! அந்தக் கார் 10 லட்சத்து 60 ஆயிரத்துக்கு முடிந்தது. ஸ்பிரிங்கும் இன்னும் சில்லறை ரிப்பேரும் 1,05,000 ஆயின. வீட்டு வாசலில் வந்து நின்றபோது மொத்தக் கணக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். கையில் 60,000 மிச்சம்.

இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஏலத்தில் அதிகம் கேட்டவர் என்று போனில் வந்துவிட்டால் கார் நம்முடையது ஆகிவிடாது. பாங்குக்காரர்கள் அந்த விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புதல் வந்ததும் குறித்த நாளுக்குள் முழுப் பணமும் கட்டி வண்டியை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நிறுத்தி வைத்ததற்கு நாள் வாடகை கேட்பார்கள்.

இரண்டு, காகிதங்கள். கடனுக்காக எடுத்த வண்டி என்றால் ஆர்.சி.யில் இருக்கும் பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட வருவாரா? வரமாட்டார். அதற்காகவே படிவம் 36 என்று ஒன்று இருக்கிறது. கடன் கொடுத்தவர் தம் பெயரில் புது ஆர்.சி. கேட்கும் விண்ணப்பம் அது. பிறகு படிவம் 29, 30 மூலம் நம் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால் அதை நீக்கப் படிவம் 35 வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று. அதோடு நம் மாநிலத்தில் புதிதாகச் சாலை வரி. டில்லி வண்டி மலிவு என்று ஓடுகிறவர்கள் இந்த வரியைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஓடுங்கள்!

இதையெல்லாம் யார் வாங்கித் தருவார்கள், எத்தனை நாளில் என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். வண்டி எண்ணை வைத்து மத்திய அரசின் ‘பரிவாஹன்’ தளத்தில் கடன் குறிப்பு, இன்சூரன்ஸ் தேதி, அபராத பாக்கி ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் செதுக்கியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கண்ணால் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் ‘நோ கிளெய்ம் போனஸ்’ நமக்கு வராது. அது ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. தம்பிக்கு ஆர்.சி. கைக்கு வர நாலு மாதம் பிடித்தது.

கடைசியாக ஒன்று. காரைக் கழுவும்போது பின் சீட்டின் இடுக்கில் ஒரு சின்னச் செருப்பு கிடைத்தது. மூன்று வயதுக் குழந்தையுடையது இருக்கும். இளஞ்சிவப்பு நிறம், ஒற்றை. என் தம்பி மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாளாம். அந்த வீட்டிலும் ஒருவர் ஆசை ஆசையாக இந்தக் காரை ஓட்டி வந்திருப்பார். தவணை கட்ட முடியாமல் ஒரு நாள் ஆட்கள் வந்து எடுத்துப் போயிருப்பார்கள். “நம்ம பாப்பா டெபாசிட்டை உடைச்சிருந்தா நாமளும் இப்படித்தானே ஆகியிருப்போம், அண்ணி?” என்றாள்.

ஆசைப்படுவது தப்பில்லை. ஆண்களின் ஆசைக்கு நாம் குறுக்கே நிற்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதினால் போதும். வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது என்ன விலை என்பதை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கழித்துக் கொண்டு போங்கள். கடைசியில் நிற்கிற தொகைதான் ஏலத்தில் கேட்க வேண்டியது. கார் ஆனாலும் சரி, பாங்கில் ஏலம் போகிற நகை, வீடு ஆனாலும் சரி, சீட்டு ஆனாலும் சரி.

அந்தச் சிவப்புக் கோடு போட்ட தாள் இப்போதும் காரின் டாஷ்போர்டுக்குள் இன்சூரன்ஸ் காகிதத்தோடு இருக்கிறது. போன வாரம் எங்கள் வீட்டுக்கு அந்த யானையில்தான் வந்தார்கள். எங்கள் தெருவில் அதைத் திருப்ப முடியாமல் தம்பி கால் மணி நேரம் தவித்தது வேறு கதை!